ஸ்பொட் றூம் சிரிப்பு

எங்கள் இரண்டு பேரின் கையிலும் துப்பாக்கி இருந்தது.

வன்னியில் இப்படி ஒரு வசனத்தை எழுதினால் வாசிக்கிறவர் ஒருமுறை நிமிர்ந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியும். பதற வேண்டாம். இது கறை சுடுகிற துப்பாக்கி. பிளக்கில் குத்தி, அடியில் இருக்கிற சின்னக் கோப்பைக்குள் மருந்தை ஊற்றி, விசையை அழுத்தினால் ஊசி போலப் பீறிட்டுக்கொண்டு வரும். வெள்ளை ரீசேட்டில் மெஷின் எண்ணெய் பட்ட இடத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் கறை போய்விடும். போன கறை எங்கே போகிறது, போக்கிய மருந்து எங்கே போகிறது என்றெல்லாம் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

எங்கள் கார்மென்ட் தொழிற்சாலையின் பின்மூலையில், சைக்கிள் கொட்டிலை ஒட்டி, குசினி அளவில் ஒரு அறை இருக்கிறது. அதுதான் ஸ்பொட் றூம். தைத்து முடிந்த உடுப்புகளில் கறைபட்டவை எல்லாம் பெட்டிக்குள் போகமுன் அங்கேதான் வரும். முன்பக்கத்தில் பெண்பிள்ளைகள் மெஷினோடு மெஷினாகக் குனிந்திருப்பார்கள், சூப்பர்வைசர்மார் தலைக்கு மேல் நின்று கத்துவார்கள். ஸ்பொட் றூமுக்குள் இருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் வரும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. மேசையில் அடித்து, கதிரையிலிருந்து சரிந்து, குடித்த தேத்தண்ணீர் மூக்கால் வருகிற சிரிப்பு.

எல்லாருக்கும் அந்த அறைக்குப் போக ஆசை. எனக்கு ஆசை இல்லை, வெறி. உடையார்கட்டிலிருந்து விடியப் பஸ் ஏறி வந்து, நாள்முழுக்க நின்றபடி நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் நான். என் வாயும் சும்மா இருக்காது. சூப்பர்வைசர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். ஒருநாள் அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டு, "இந்த நிசாந்தினியை எங்கையாவது கொண்டுபோய் ஒரு அறைக்குள்ள போடுங்கோ" என்றார். ஸ்பொட் றூமுக்குள் போட்டார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். நான் லொத்தர் விழுந்தவள் மாதிரிப் போனேன்.

அந்த அறையின் அரசி நாச்சியாக்கா. முள்ளியவளைக்காரி. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை எழுப்பிய நேரம் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, சண்டை முடிந்த பிறகு பற்றை வெட்டிச் சொந்தக் காணியில் வந்து குந்தியவர். கார்மென்ட் திறந்த காலம்தொட்டு, பத்து வருசத்துக்கு மேலாக, அதே அறை, அதே கதிரை, அதே துப்பாக்கி. தலையில் முக்காடு, வாயில் கதை. நான் போய்ச் சேர்ந்த முதல்நாளே ஆட்டுக்கதையைச் சொன்னார்.

"எங்களைப் போகச் சொல்லிட்டாங்கள். பை, பெட்டி ஒண்டும் கொண்டுபோகேலாதாம். என்ட வாப்பா என்ன செய்தார் தெரியுமா? அலுமாரியை உடம்பில மாட்டினார். மூண்டு சட்டை, ரெண்டு சாரம், எல்லாத்துக்கும் மேலால கலியாணக் கோட்டு. கையை மடக்கேலாது, காலை அகட்டேலாது. அப்பிடியே நடக்கிறார். பின்னால எங்கட ஆடு. அதை ஒருத்தரும் கூப்பிடேல்லை. தானா வந்தது. வந்து வாப்பாட சாரத்துக் கரையைத் தின்னத் தொடங்கிட்டு."

இந்த இடத்தில் நாச்சியாக்கா எழும்பி நிற்பார். கைகளைப் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டிக்கொண்டு வாப்பாவாக நடப்பார். பிறகு திரும்புவார்.

"வாப்பா திரும்பிப் பார்க்கிறார். ஆடு என்ன செய்யுது? அங்கால நிக்கிற பனையைப் பார்த்துக்கொண்டு நிக்குது. எனக்கும் இதுக்கும் ஒரு தொடர்புமில்லை எண்டமாதிரி."

பிறகு ஆடாக மாறி, வாயை அசைத்துக்கொண்டு, ஒன்றுமறியாத கண்ணோடு கூரையைப் பார்ப்பார். அவ்வளவுதான். நான் மேசைக்குக் கீழே கிடப்பேன். வாப்பா நடக்க, ஆடு தின்ன, வாப்பா திரும்ப, ஆடு பனையைப் பார்க்க, சாரம் முழங்கால் மட்டும் ஏறிவிடும். அதற்கு மேல் கதை போனதே இல்லை. சொல்கிறவருக்கும் மூச்சு வராது, கேட்கிறவளுக்கும் வராது. முடிவு என்ன என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சிரிப்பு முந்திவிடும்.

பின்னேரம் பஸ்ஸில் போகும்போது இரண்டு பேருக்கும் தலை இடிக்கும், வயிறு குமட்டும். கனக்கச் சிரித்துவிட்டோம் என்று பேசிக்கொள்வோம்.

இனி அந்த ஃபானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பொட் றூம் சுவரில், உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளுகிற ஒரு பெரிய ஃபான் இருந்தது. நல்ல ஃபான். கார்மென்ட் கட்டியபோதே பூட்டியது. ஆனால் சில வருசங்களுக்கு முன்னர், அதன் வெளிப்பக்கத்து மூடிக்குள் ஒரு சோடிச் சிட்டுக்குருவி வைக்கோலும் நூல்துண்டும் கொண்டுவந்து கூடு கட்டிவிட்டது. நூல் எங்கள் நூல்தான், வெளிநாட்டுத் தரம். அன்றைக்கே நாச்சியாக்கா ஒருத்தரும் போடாதபடி சுவிச்சுக்கு மேல் பசை ரேப் ஒட்டிவிட்டார். குஞ்சு பொரித்துப் பறந்த பிறகு போடலாம் என்றுதான் ஒட்டினார். ஆனால் குருவிக்குக் குடும்பக்கட்டுப்பாடு தெரியாது. ஒரு குடும்பம் வெளிக்கிட முன்னம் அடுத்தது முட்டையிட்டுவிடும். ரேப் மஞ்சளாகிக் காய்ந்து, அதற்கு மேல் இன்னொரு ரேப் ஏறியது.

நான் போனபோது எனக்கும் சொன்னார். "நிசா, இந்தச் சுவிச்சில கை வைக்காதை. வீட்டை விட்டு எழுப்பிறது என்னெண்டு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

எனக்கும் தெரியும். உடையார்கட்டில் பிறந்து, சண்டைக்குள் ஓடி ஓடி எத்தனை இடத்தில் தறப்பாள் கட்டி இருந்தோம் என்று எண்ணி முடியாத பிள்ளை நான். அந்தக் கார்மென்டில் ஒருத்தி, ஒருத்தன் மிச்சமில்லாமல் எல்லாரும் அப்படித்தான். அதனால் சுவிச்சை யாரும் தொடவில்லை. மெக்கானிக் கிருசாந்தன் கூட, அந்தப் பக்கம் வந்தால் மெதுவாகத்தான் நடப்பான்.

நாச்சியாக்கா இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். ஃபானின் உள்வாயைத் தடித்த பொலித்தீனால் மூடி, நாலு கரையும் இறுக்கி ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"இந்த மருந்து மணம் குஞ்சுகளுக்கு ஆகாது பிள்ளை" என்றார்.

சரிதான் என்று நானும் தலையாட்டினேன். எங்களுடைய மூளை அப்போது அந்த நிலைமையில்தான் இருந்தது.

உடுப்பு வாங்குகிற பையர் சார்பில் ஆட்கள் பார்வையிட வருகிற நாட்களில் மட்டும் துப்பாக்கியையும் மருந்து இருக்கிற நீலக் கானையும் பூட்டி வைத்துவிடுவார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு மாஸ்க் தந்து, வெறும் மேசையில் துணி மடிக்க விடுவார்கள். அந்த நாட்களில் நாச்சியாக்கா ஆட்டுக்கதை சொல்லமாட்டார். சொன்னாலும் எடுபடாது. வெள்ளைக்காரருக்குப் பயம், அதுதான் சிரிப்பு வரவில்லை என்று நினைத்தோம். வேறு என்ன நினைக்க.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் ஒரு கத்தரிக்காய்க் குழம்பு விழுந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும். புற்றுநோய் பற்றிப் பெண்பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வந்தவர். சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாரையும் இருத்தி, மார்பில் கட்டி இருந்தால் எப்படிப் பார்ப்பது, வெத்திலை போடுவதால் என்ன வரும் என்றெல்லாம் சொன்னார். நல்ல பிள்ளை, சிரித்த முகம். பேசி முடிந்து சாப்பிடும்போது அவருடைய இளமஞ்சள் சேலைத் தலைப்பில் குழம்பு ஊற்றுப்பட்டுவிட்டது. நிர்வாகத்தைப் பார்க்கிற தில்லைநாதன் சேர் இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா.

"யோசிக்காதேங்கோ டொக்டர். எங்கட ஸ்பொட் றூமில குடுத்தா, கடையில எடுத்த மாதிரி வரும்" என்று பெருமையோடு கூட்டிக்கொண்டு வந்து, எங்களிடம் விட்டுவிட்டு, ஃபோன் வர வெளியே போய்விட்டார்.

டொக்டர் உள்ளே வந்தவுடன் மூக்கைச் சுளித்தார். நாச்சியாக்கா தலைப்பை மேசையில் விரித்து, துப்பாக்கியை எடுத்து, சுடத் தொடங்கினார். சுட்டபடியே கதை. டொக்டர் என்றால் அவருக்கென்ன, கேட்க ஒரு புது ஆள். வாப்பா அலுமாரியை மாட்டினார், ஆடு வந்தது. டொக்டர் மரியாதைக்குப் புன்னகைத்தார். ஆடு பனையைப் பார்த்தது. டொக்டர் களுக்கென்று சிரித்தார். இரண்டாம் தரம் பனையைப் பார்த்தது. டொக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார். சாரம் முழங்காலுக்கு வந்தபோது மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, கண்ணில் நீர் வழிய, ஒருத்தியின் தோளில் ஒருத்தி அடித்துக்கொண்டு நின்றோம்.

அப்போது டொக்டர் சட்டென்று நிறுத்தினார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏன் சிரிக்கிறன்?" என்று கேட்டார்.

"ஆடு பனையைப் பார்த்ததுக்கு" என்று நான் விளக்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அறையைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். ஃபானையும் பொலித்தீனையும் பார்த்தார். திறந்தபடி இருந்த நீலக் கானுக்குக் கிட்டப்போய், அதில் ஒட்டியிருந்ததை வாசித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை இழுப்பதுபோல் வெளியே சைக்கிள் கொட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். சேலைத் தலைப்பு ஈரமாக நிலத்தில் இழுபட்டது.

"இதுக்குள்ள எவ்வளவு நேரம் இருக்கிறனீங்கள்?"

"காலமையில இருந்து பின்னேரம் மட்டும்" என்றேன் நான்.

"எத்தினை வருசம்?"

"நான் இப்பத்தான். அக்கா பத்து வருசத்துக்கு மேல."

டொக்டர் நாச்சியாக்காவின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த மருந்தின்ர ஆவியை வருசக்கணக்கா சுவாசிச்சா, புற்றுநோய் வாற ஆபத்துக் கூடும். சிறுநீரகத்தில வரலாம், ஈரலில வரலாம். உங்களுக்கு வந்திட்டுது எண்டு நான் சொல்லேல்லை. வரும் எண்டும் சொல்லேல்லை. ஆனா இப்பிடி மூடின அறைக்குள்ள இனி ஒரு நாளும் இருக்கக்கூடாது. அந்தச் சிரிப்பு, பிறகு வாற தலையிடி, எல்லாம் அது மூளையை மயக்கிறதாலை வாறது."

நாச்சியாக்கா முக்காட்டைச் சரி செய்தார். "அப்ப ஆட்டுக்கதை?"

"என்ன?"

"ஆட்டுக்கதைக்கு நாங்கள் சிரிச்சது?"

டொக்டர் பேச்சை மாற்றி, ஃபானை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நாச்சியாக்கா குருவிக்கூட்டைக் காட்டினார். பொலித்தீன் ஒட்டிய காரணத்தையும் சொன்னார்.

"அந்த மணம் குஞ்சுக்கு ஆகாது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் டொக்டர். "அப்ப உங்களுக்கு?"

நாச்சியாக்கா குருவிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார்.

போகமுன் டொக்டர், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வரும்படி நாச்சியாக்காவிடம் சொன்னார். சிறுநீர் பார்த்து, ஒரு ஸ்கானும் எடுக்க வேண்டும் என்றார். நாச்சியாக்கா "பாப்பம்" என்றார். எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். டொக்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், என்னைத் திரும்பிப் பார்த்தார். தில்லைநாதன் சேரிடம் தனியாக ஏதோ கதைத்துவிட்டுப் போனார். சேரின் முகம் பழுத்த பாகற்காய் நிறத்துக்கு மாறியிருந்தது.

அன்று பஸ்ஸில் இறங்குகிற இடம் வரமுன் நாச்சியாக்கா என் பக்கம் திரும்பினார்.

"நிசா, வருத்தம் வந்தா அல்லாஹ் விட்ட வழி. ஆனா என்னைப் பகிடிக்காரி எண்டு ஊரே சொல்லுது. பத்து வருசமா நான் சிரிச்சது எல்லாம் கான் சிரிப்போ?"

எனக்கு இந்த மனுசி வேண்டும். கதை சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா கதிரையில் இருந்தாலும் போதும், உயிரோடு இருக்க வேண்டும். இதை வாயால் சொல்ல வராமல், "நாளைக்கு அந்தப் பொலித்தீனைக் கிழிக்கிறன் பாருங்கோ" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்தநாள் காலை நான் போகமுன்னே தில்லைநாதன் சேர் ஸ்பொட் றூம் வாசலில் நின்றார். பக்கத்தில் கிருசாந்தன், கையில் ஏணியும் கம்பியும். டொக்டர் பரிசோதிக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப வருவதாகச் சொன்னாராம், அதற்குள் ஃபான் சுற்ற வேண்டுமாம். வேறு மருந்துக்குக் கொழும்புக்குச் சொல்லியாயிற்றாம்.

"ஃபான் தரேல்லை எண்டு எங்களில ஒருத்தரும் பிழை சொல்லேலாது" என்றார் சேர். "நீங்கள்தான் ரேப் ஒட்டி வைச்சிருக்கிறியள். கிருசாந்தன், அந்தக் கூட்டை இழுத்து எறி."

கிருசாந்தன் ஏணியை வெளிச்சுவரில் சாத்தி, ஏறி, எட்டிப் பார்த்தான். இறங்கி வந்தான்.

"சேர், குஞ்சு இருக்கு. வாயைப் பிளந்துகொண்டு பார்க்குதுகள்."

"அதுக்கு?"

"சம்பளத்தை வெட்டுங்கோ சேர். என்னால ஏலாது" என்றான். இரண்டு குழந்தைகளின் தகப்பன் அவன்.

நாச்சியாக்கா அதற்குள் உள்ளே போய்ச் சுவிச்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார். கையில் துப்பாக்கி. "குஞ்சு பறக்குமட்டும் ஒருத்தரும் இதில கை வைக்கேலாது. நான் இவ்வளவு காலம் இருந்த அறைதானே. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா என்ன வந்திடப்போகுது."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "அக்கா, உங்களுக்கு விசரோ? டொக்டர் என்ன சொன்னவா? குருவிக்கு வீடு வேணும், உங்கட ஈரலுக்கு வீடு வேண்டாமோ?"

"எழுப்பேலாது எண்டால் எழுப்பேலாது."

"அப்ப நாங்கள் எழும்புவம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. நாச்சியாக்கா என்னைப் பார்த்தார். நான் வெளியே கையைக் காட்டினேன். சைக்கிள் கொட்டில். மேலே தகரம், நாலு பக்கமும் வெளி, காற்று அந்தப் பக்கத்தால் வந்து இந்தப் பக்கத்தால் போகும்.

"இடம்பெயருவம் அக்கா. எங்களுக்கென்ன, பழக்கமில்லாததோ?"

அவருடைய வாயின் ஒரு கோடி மெல்ல ஏறியது. துப்பாக்கியின் பிளக்கைக் கழற்றினார்.

வன்னிச் சனத்துக்கு வேறு எது தெரியாவிட்டாலும் மூட்டை கட்டத் தெரியும். தில்லைநாதன் சேர் "பொறுங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தார், அவர் மூடமுன் பாதி அறை வெளியே வந்துவிட்டது. முதலில் தண்ணீர்க் குடம், அடுத்தது தேத்தண்ணீர்க் கேத்தில், பிறகுதான் மற்றவை. அந்த ஒழுங்கு எல்லாருக்கும் பிறவியிலேயே தெரியும். கிருசாந்தன் மேசையின் ஒரு காலைப் பிடிக்க, நான் மறு காலைப் பிடிக்க, நாச்சியாக்கா கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். "கதவையும் கழட்டட்டோ?" என்று கிருசாந்தன் கேட்டான். போன முறை இடம்பெயர்ந்தபோது கதவைக் கழற்றாமல் போய்க் கவலைப்பட்டவர்கள் அவன் வீட்டார். வேண்டாம், இது கிட்டடி என்றேன். கால்மிதியையும் விடவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரையும் விடவில்லை.

தையல் லைனில் இருந்த பெண்பிள்ளைகள் யன்னலுக்கு ஓடிவந்துவிட்டார்கள். மேசை போகிறது, குடம் போகிறது, கதிரை போகிறது. "என்னடி, திரும்பவும் தொடங்கிட்டுதோ?" என்று ஒருத்தி கேட்டாள். "ஓம், நீங்களும் வெளிக்கிடுங்கோ" என்று நான் கத்தினேன். அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஒரு மெஷின் கூட ஓடவில்லை.

தில்லைநாதன் சேர் கொட்டிலுக்குள் வந்து நின்றார். "பையர் வந்தா நான் என்ன சொல்லுறது?"

"சைக்கிளுக்குக் கறை எடுக்கிறம் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போனார். போனவர், பிறகு ஒருவனிடம் தடித்த ரப்பர் கையுறை இரண்டு சோடி கொடுத்தனுப்பினார். அந்த மனுசனையும் சும்மா சொல்லக்கூடாது.

கிருசாந்தன் வயர் இழுத்துத் தந்தான். சுடத் தொடங்கினோம். காற்றுக்குப் பக்கவாட்டாக இருந்து, கானை மூடி மூடித் திறந்து, டொக்டர் போகமுன் சொல்லித் தந்த மாதிரி. ஒரு சங்கடம், வெளிக்காற்றில் கிரவல் புழுதி வந்து வெள்ளை ரீசேட்டில் விழும். நாங்கள் ஒரு கறையை எடுக்க, காற்று இரண்டு கறையைத் தரும். முன்னர் என்றால் இதற்கே கதிரையால் விழுந்திருப்போம். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தலை தெளிவாக இருந்தது. தெளிந்த தலையோடு பார்த்தால் கறை என்பது வெறும் கறை.

மத்தியானம் வந்தது. நாச்சியாக்கா துப்பாக்கியைக் கீழே வைத்தார், கானை இறுக்கி மூடினார், தேத்தண்ணீர் ஊற்றினார். கிருசாந்தனும் வந்து குந்தினான். எனக்குத் தெரியும், அவர் எதையோ சோதித்துப் பார்க்கப் போகிறார்.

"எங்களைப் போகச் சொல்லிட்டாங்கள்" என்று தொடங்கினார்.

மூன்று சட்டை. இரண்டு சாரம். கலியாணக் கோட்டு. ஆடு வந்தது. பனையைப் பார்த்தது. நான் சிரிக்க முயன்றேன், இருமல்தான் வந்தது. கிருசாந்தன் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடு திரும்பவும் பனையைப் பார்த்தது. சாரம் முழங்காலுக்கு வந்தது. முதல் தடவையாக ஒருவரும் கீழே விழவில்லை. கதை நடுரோட்டில் நின்றது.

"பிறகு?" என்றேன்.

நாச்சியாக்கா என்னை விளங்காமல் பார்த்தார். அவருக்கும் அது புது இடம்.

"பிறகு லொறி நிண்ட இடத்துக்கு வந்திட்டம்" என்றார் மெதுவாக. "ஆடு ஏத்தேலாது எண்டிட்டாங்கள். அது விடாது, எங்களோடயே ஏறப் பார்க்குது. வாப்பா அதைத் தள்ளுறார், அது வருது. தள்ளுறார், வருது. கடைசியில வாப்பா, திண்டு மிச்சம் இருந்த மேல்சாரத்தைக் கழட்டி, மடிச்சு, ஆட்டுக்கு முன்னால வைச்சார். அது தின்னத் தொடங்கேக்க லொறி வெளிக்கிட்டுது."

குருவி ஒன்று வாயில் புழுவோடு எங்கள் தலைக்கு மேலால் பறந்துபோய் ஃபான் மூடிக்குள் புகுந்தது. உள்ளே குஞ்சுகள் கத்தின. நாச்சியாக்கா முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எத்தனை வருசம் அந்த அறைக்குள் இந்தக் கதையைச் சொல்லியும், அழுவதற்கு அவருக்கு ஒருநாள் கூடக் கிடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை.

கிருசாந்தன்தான் கேட்டான். "லொறி போகேக்க ஆடு நிமிர்ந்து பார்த்ததோ அக்கா?"

நாச்சியாக்கா யோசித்தார். கண்ணை மூடி, அந்த ரோட்டைப் பார்ப்பதுபோல் யோசித்தார்.

"ஓம். பார்த்தது" என்றார். "நிமிர்ந்து, சாரத்தை வாயில வைச்சுக்கொண்டு…" அவருடைய உதடு துடித்தது. "பனையைப் பார்த்துக்கொண்டு நிண்டது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் நாச்சியாக்காவின் மூக்கிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. பிறகு என் தேத்தண்ணீர் என் மூக்கால் வந்தது. கிருசாந்தன் ஒரு சைக்கிளில் சாய, அது அடுத்த சைக்கிளில் சாய, கொட்டிலில் நின்ற சைக்கிள் அத்தனையும் வரிசையாக விழுந்தது. நாச்சியாக்கா கண்ணீரோடு மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"நிசா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நீயும் வா. அந்த டொக்டர் பிள்ளைக்கு முடிவு சொல்லேல்லை."

சத்தம் கேட்டுத் தில்லைநாதன் சேர் வியர்க்க வியர்க்க ஓடிவந்தார். "டொக்டர் சொல்லியும் திரும்ப மருந்தை மணந்திட்டியளோ" என்று கத்திக்கொண்டு நேரே கானுக்குப் போய், குனிந்து, மூடியைத் திருகிப் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் மூடியிருந்தது.